மேகநாத் சாகா: ஆய்வுக்கூடத்தின் வாசலில் நின்ற சாதி

1956ஆம் ஆண்டு தில்லியில் இரண்டு மரணங்கள் நிகழ்ந்தன. டிசம்பர் 6ஆம் நாள் மறைந்த அண்ணல் அம்பேத்கரை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அதற்கு ஏறத்தாழப் பத்து மாதங்களுக்கு முன்னர், பிப்ரவரி 16 அன்று, திட்டக் குழு அலுவலகத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வழியில் நெஞ்சுவலியால் சாய்ந்து உயிர்நீத்தவர் இயற்பியலாளர் மேகநாத் சாகா. இயற்பியல் மாணவர்கள் அனைவரும் அவருடைய அயனியாக்கச் சமன்பாட்டைப் படிக்கின்றனர். அச்சமன்பாட்டை எழுதிய கை, ஒரு காலத்தில் பிறர் வீட்டில் தான் உண்ட தட்டைத் தானே கழுவிவைக்க வேண்டியிருந்த சிறுவனின் கை என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அறிவியலுக்குச் சாதியில்லை என்னும் வாக்கியம் உயர் ஆய்வு நிறுவனங்களில் அடிக்கடி ஒலிக்கும் இக்காலத்தில், அவ்வாழ்க்கையை முழுமையாகச் சொல்லிப் பார்ப்பது அவசியம் என்று கருதுகிறோம்.

டாக்காவுக்கு அருகிலுள்ள சியோராதலி என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு அக்டோபர் 6 அன்று, எட்டுக் குழந்தைகளுள் ஐந்தாமவராக அவர் பிறந்தார். தந்தை ஜகந்நாத் சாகா சிறிய மளிகைக்கடை ஒன்றை நடத்திவந்தார். பிறந்த நாளில் புயலும் மழையும் வீசியதால், மேகங்களின் தலைவன் என்று பொருள்படும் பெயர் குழந்தைக்கு இடப்பட்டது. வளர்ந்தபின் அவரே அப்பெயரின் கடைசி ஒலியை மாற்றி, இராவணன் மகன் இந்திரசித்துக்குரிய மேகநாதன் என்னும் பெயராக அதை ஆக்கிக்கொண்டார். வங்கத்தில் மைக்கேல் மதுசூதன் தத்தரின் காவியம் அந்த மேகநாதனைத்தான் நாயகனாக நிறுத்தியிருந்தது.

அவருடைய சாதியைப் பற்றி நாம் தெளிவாகப் பேச வேண்டும். மது காய்ச்சி விற்ற சூன்றி சாதியோடு சேர்த்து எண்ணப்பட்டு, வணிகத்தில் ஈடுபட்டுவந்தவர்கள் சாகாக்கள். மேற்கு வங்கத்தின் பட்டியல் சாதிகளுள் சூன்றி சாதி உண்டு. ஆனால் சாகாக்கள் அதிலிருந்து விலக்கப்பட்டுள்ளனர். எனவே அவரைத் தலித் என்று உரிமை கொண்டாடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் அவர் பிறந்த காலத்து வங்கச் சமூகத்தில், அவர்கள் கையால் மேல்சாதியார் நீர் வாங்கிப் பருகுவதில்லை. சாதி என்பது அடுக்கடுக்காக இறங்கும் ஏணி என்று அம்பேத்கர் விளக்கினார். அவ்வேணியின் கடைசிப்படியில் இல்லாதவரையும் அது எவ்வாறு கீழே தள்ளிற்று என்பதற்குச் சாகாவின் இளமை சான்றாகும்.

தொடக்கப் பள்ளியோடு மகனைக் கடையில் அமர்த்திவிடவே தந்தை எண்ணினார். அடுத்த நிலைப் பள்ளி சில கல் தொலைவில் சிமுலியாவில் இருந்தது. அங்கே தங்கிப் படிக்க வைப்பதற்குப் பணமில்லை. மூத்த அண்ணன் ஜெயநாத் அலைந்து, அவ்வூர் மருத்துவர் அனந்தகுமார் தாஸ் என்பவரை அணுகினார். சிறுவனுக்கு உணவும் இடமும் தர மருத்துவர் இசைந்தார். வீட்டு வேலைகளில் உதவ வேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், உண்ட பாத்திரத்தைத் தானே கழுவ வேண்டும் என்பன ஏற்பாட்டின் பகுதிகள். அந்த மருத்துவரின் உதவியின்றிச் சாகா படித்திருக்க முடியாது. சாகாவும் அந்நன்றியை மறந்தாரில்லை. ஆனால் அந்த உதவிக்குள்ளும் சாதி உட்கார்ந்திருந்தது. கருணையும் தீட்டும் ஒரே வீட்டில் வாழ முடியும் என்பதை நம்மில் பலர் சொந்த அனுபவத்தில் அறிவோம்.

நடுநிலைத் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதலிடம் பெற்ற அவருக்கு மாதம் 4 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. சணல் ஆலையில் பணிபுரிந்த அண்ணன் தம் கூலியிலிருந்து ஒரு பகுதியை அனுப்பினார். இவற்றைக் கொண்டு 1905இல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். அதே ஆண்டு வங்கம் பிரிக்கப்பட்டது. ஆளுநர் பாம்ஃபில்டு ஃபுல்லர் வருகை தந்தபோது, காலணியின்றிப் பள்ளிக்கு வந்தமை எதிர்ப்பின் அடையாளமாகக் கொள்ளப்பட்டு, சாகாவும் வேறு பல மாணவர்களும் வெளியேற்றப்பட்டனர். உதவித்தொகையும் பறிபோயிற்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது பள்ளி மாற்றம் மட்டுமே; 4 ரூபாயை நம்பி நின்றவருக்கோ கல்வியே முடிந்துபோகக்கூடிய நிலை. கிஷோரிலால் ஜூபிலி பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1909இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்க மாணவர்களுள் முதல்வராக அவர் வெளிவந்தார்.

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது, அவருடன் ஒரே வகுப்பில் சத்யேந்திரநாத் போஸ் அமர்ந்திருந்தார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்கள். இளங்கலை, முதுகலை ஆகிய இரு தேர்வுகளிலும் போஸ் முதலிடமும் சாகா இரண்டாமிடமும் பெற்றனர். வகுப்பறையில் இவ்வாறு தோளோடு தோள் நின்றவருக்கு, விடுதியில் வேறு இடம் காத்திருந்தது. ஈடன் இந்து விடுதியில் மேல்சாதி மாணவர்கள் சிலர் அவருடன் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண மறுத்தனர். கல்விக்குரிய தெய்வமெனக் கொண்டாடப்படும் சரசுவதியின் பூசையிலும், மலரிட வந்த அவரை அவர்கள் தடுத்தனர். சாகா அவ்விடுதியை விட்டு வெளியேறினார். அவருக்கு ஆதரவாக நின்ற மேல்சாதி நண்பர்களும் இருந்தனர் என்பதையும் நாம் பதிவு செய்கிறோம். ஆயினும் தடுத்தவர்கள் விடுதியிலேயே இருந்தார்கள். வெளியே போக வேண்டியிருந்தது தடுக்கப்பட்டவர்தான்.

முதுகலை முடித்ததும் நிதித்துறைத் தேர்வெழுதி அரசுப் பணியில் சேர்ந்து குடும்பத்தைக் காப்பாற்ற எண்ணினார். புரட்சியாளர்களோடு தொடர்புடையவர் என்று கருதிய ஆங்கில அரசு அதற்கு அனுமதி மறுத்தது. சைக்கிளில் நகரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சென்று வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து வாழ்ந்த அவருக்கு, புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த பல்கலைக்கழக அறிவியல் கல்லூரி கதவைத் திறந்தது. தாரகநாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகிய வழக்கறிஞர்களின் நன்கொடையில் 1914இல் உருவான அக்கல்லூரியின் பேராசிரியர் இருக்கைகள் இந்தியர்களுக்கே உரியவை என்பது நன்கொடையின் நிபந்தனை. முன்னாள் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி 1916இல் சாகாவையும் போசையும் விரிவுரையாளர்களாக அமர்த்தினார். ஆங்கிலேயர் கையிலிருந்த உயராய்வில் இந்தியருக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டதனால்தான் இவ்விருவரும் உள்ளே வர முடிந்தது. ஒதுக்கீடு தரத்தைக் கெடுக்கும் என்பவர்கள், அவ்விருவரும் அங்கிருந்து உலகுக்கு அளித்தவற்றை எண்ணிப் பார்க்கலாம்.

கல்லூரியில் கருவிகள் இல்லை, நூல்களும் குறைவு. டாக்காவில் கற்றிருந்த ஜெர்மன் மொழி சாகாவுக்குக் கைகொடுத்தது. ஐன்ஸ்டீன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை அவரும் போசும் ஆங்கிலத்தில் பெயர்த்தனர். கல்கத்தா பல்கலைக்கழகம் 1920இல் அதை நூலாக வெளியிட்டது. அக்கட்டுரைகளின் முதல் ஆங்கிலப் பெயர்ப்பு அதுவே.

இக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்வு அதிகம் பேசப்படுவதில்லை. ஒளியின் அழுத்தம் விண்மீன்களின் மேலடுக்கிலுள்ள அணுக்களைத் தேர்ந்தெடுத்துத் தள்ளுகிறது என்பதை விளக்கி, 1917இல் அமெரிக்க வானியற்பியல் ஆய்விதழ் ஒன்றுக்கு நீண்ட கட்டுரை அனுப்பினார். அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஆசிரியரே ஏற்க வேண்டும் என்று பதில் வந்தது. கேட்கப்பட்ட தொகை அவருடைய சம்பளத்துக்கு எட்டாதது. கட்டுரை கல்கத்தாவின் பல்கலைக்கழக இதழில் வெளியாயிற்று. வெளிநாட்டில் அதைப் பார்த்தவர் மிகச் சிலர். பின்னாளில் அக்கருத்து பிறர் பெயரோடு வளர்ந்ததைச் சாகா வேதனையோடு கவனித்தார். அறிவு இருந்தும் பணமின்மையால் முன்னுரிமையை இழப்பது ஆய்வுலகில் ஏழைகளுக்கு நேரும் பழைய அநீதி.

அவர் பெயரை நிலைநிறுத்திய கட்டுரை 1920இல் வெளிவந்தது. விண்மீன்களின் ஒளியைப் பகுத்துப் பார்க்கும்போது கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள் உண்டு. ஒரு விண்மீனில் கால்சியத்தின் கோடு வலுவாகவும், இன்னொன்றில் ஹைட்ரஜனின் கோடு வலுவாகவும் தென்படும். அப்படியானால் விண்மீன்கள் வெவ்வேறு பொருள்களால் ஆனவையா என்பது விடை தெரியாக் கேள்வியாக இருந்தது. கதிரவனின் நிறமண்டலத்தில் எடை மிகுந்த கால்சியம் மிக உயரத்தில் காணப்படுவதும் புதிராக இருந்தது. சாகா இதற்கு வேதியியலிலிருந்து ஒரு வழியைக் கண்டார். வெப்பத்தில் ஒரு சேர்மம் பிரிவதைப் போலவே, மிகுந்த வெப்பத்தில் அணு தன் எலக்ட்ரானை இழந்து பிரிகிறது. வெப்பம் ஏற ஏறப் பிரிவு மிகும். அழுத்தம் குறையக் குறையவும் மிகும். எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல் தெரிந்தால், எந்த வெப்பநிலையில் எத்தனை விழுக்காடு அணுக்கள் பிரிந்திருக்கும் என்று கணக்கிடலாம். இதுவே சாகா சமன்பாடு.

அதன் விளைவு பெரிது. விண்மீன்களின் நிறமாலை வேறுபாடு பெரும்பாலும் வெப்பநிலையின் வேறுபாடே என்பது விளங்கிற்று. கதிரவனில் ருபீடியத்தின் கோடு தென்படாமைக்குக் காரணம், அங்குள்ள வெப்பத்தில் அது முழுதும் அயனியாகிவிட்டதே. வெப்பம் குறைந்த கதிரவப் புள்ளிகளில் அது தென்படலாம் என்று அவர் கணித்தார். பின்னர் அவ்வாறே தென்பட்டது. 1925இல் ஹார்வர்டில் சிசிலியா பெய்ன் என்னும் இளம் பெண் ஆய்வாளர் இச்சமன்பாட்டைக் கையாண்டு, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்ற முடிவுக்கு வந்தார். மூத்த ஆண் அறிஞர் ஒருவரின் மறுப்பால் அவர் அம்முடிவைத் தாமே ஐயத்துக்குரியதாகக் குறிக்க நேர்ந்தது. சில ஆண்டுகளில் அது சரியென ஏற்கப்பட்டது. சாதியால் ஒதுக்கப்பட்டவரின் கருவியும் பாலினத்தால் ஒதுக்கப்பட்டவரின் உழைப்பும் சேர்ந்து வானியலின் அடிப்படையை மாற்றின.

உதவித்தொகை பெற்று ஐரோப்பா சென்ற சாகா, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆல்பிரட் ஃபவுலரின் ஆய்வுக்கூடத்தில் சில மாதங்கள் பணியாற்றினார். அறிவியலையும் பொறியியலையும் ஒருங்கே வளர்க்கவென நிறுவப்பட்ட கல்லூரி அது. கல்கத்தாவில் தாளில் எழுதியதை, அங்கே விண்மீன் நிறமாலைப் பதிவுகளோடு ஒப்பிட்டுத் திருத்தி விரிவாக்கினார். பின்னர் பெர்லினில் நெர்ன்ஸ்ட்டின் ஆய்வுக்கூடத்தில் சோதனைகளில் ஈடுபட்டார். நல்ல ஆய்வுக்கூடம் ஒரு கருத்தை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதை நேரில் கண்டு திரும்பியவர், தம் நாட்டில் அதைக் கட்டுவதிலேயே எஞ்சிய வாழ்வைச் செலவிட்டார்.

1923 முதல் 1938 வரை அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். கற்பித்தல் சுமை மிகுந்த, ஆய்வு வசதி குறைந்த துறை அது. அங்கேயே மாணவர்களைச் சேர்த்து ஓர் ஆய்வுக்குழுவை உருவாக்கினார். 1927இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது அவருக்குக் கிடைக்கவில்லை. 1935இல் அறிவியலும் பண்பாடும் என்று பொருள்படும் பெயரில் ஓர் ஆங்கில மாத இதழைத் தொடங்கி, ஆறு, மின்சாரம், எரிபொருள், தொழில், கல்வி என நாட்டின் சிக்கல்கள் குறித்துத் தொடர்ந்து எழுதினார். சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்த 1938இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவில், மின்சக்தி மற்றும் எரிபொருள் துணைக்குழுவுக்குத் தலைமை ஏற்றார்.

ஆறுகள் அவருக்கு நூலறிவால் மட்டும் தெரிந்தவை அல்ல. வெள்ளம் சூழும் கிழக்கு வங்கத்தில் பிறந்து, மாணவப் பருவத்திலும் பின்னரும் வெள்ள நிவாரணப் பணியில் உழைத்தவர் அவர். 1943இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்தபின் அமைந்த விசாரணைக் குழுவில் உறுப்பினராகி, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தை முன்மாதிரியாகக் காட்டினார். அக்காலத்தில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு பாசனம், மின்சக்தி ஆகியவற்றின் பொறுப்பையும் வகித்தவர் அம்பேத்கர். தாமோதர் திட்டத்துக்காக 1945 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. தண்ணீரைத் தொடும் உரிமைக்காக மகாட் குளத்தில் போராடியவரும், தங்கள் கையால் பிறர் நீர் வாங்காத சமூகத்தில் பிறந்தவரும், ஒரே ஆற்றை அடக்கி நாட்டுக்குப் பயன்படுத்தும் பணியில் இரு வேறு திசைகளிலிருந்து வந்து சேர்ந்தனர்.

சாகாவின் சிந்தனையில் நாம் மிக முக்கியமாகக் கருதுவது, கைக்கும் மூளைக்கும் உள்ள உறவு பற்றியது. சாதி அமைப்பு, கருவி செய்பவனையும் சிந்திப்பவனையும் பிரித்து வைத்துவிட்டது. நெசவாளனின், கொல்லனின், தச்சனின் கையறிவு படித்தவனின் மூளையைச் சென்றடையவில்லை. இந்தியாவில் தொழில்நுட்பம் தேங்கியதற்கு இது முதன்மைக் காரணம் என்று 1930களின் இறுதியில் வங்க மொழியில் எழுதினார். எல்லாம் வேதத்தில் உள்ளது என்ற வாதத்தையும் அவர் எள்ளி நகையாடினார். இதனால் சினமுற்றுப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த அனில்பரன் ராய் மறுப்பெழுத, நீண்ட விவாதம் மூண்டது. வேதங்களையும் சாத்திரங்களையும் தாமே படித்து, ஆதாரத்தோடு சாகா விடையிறுத்தார். பொறியியல் ஆய்வு என்பது கையும் மூளையும் கூடுமிடம். அங்கே சாதி நுழைந்தால் கெடுவது நீதி மட்டுமன்று, ஆய்வும்தான் என்பது அவர் எழுத்திலிருந்து நாம் பெறும் பாடம்.

1938இல் கல்கத்தாவுக்குத் திரும்பியதும் அணுக்கரு இயற்பியலில் கருத்தைச் செலுத்தினார். மாணவர் நாக்சௌதுரியைப் பெர்க்லியில் லாரன்சிடம் அனுப்பி, சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கி அமைக்கும் கலையைக் கற்றுவரச் செய்தார். கருவிகளை ஏற்றிவந்த கப்பல்களுள் ஒன்று போரில் மூழ்கியது. வெற்றிடக் கருவிகள் கடலில் போயின. அதனால் பணி பல்லாண்டு தாமதமாயிற்று. ஆயினும் அவர் எழுப்பிய அணுக்கரு இயற்பியல் நிலையத்தை 1950 ஜனவரி 11 அன்று ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்து வைத்தார். இன்று அது சாகாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விடுதலைக்குப்பின் அணுசக்தி ஆய்வு, ஹோமி பாபாவின் தலைமையில் பிரதமரின் நேரடிப் பொறுப்பில், இரகசியச் சட்டத்தின் காப்பில், பல்கலைக்கழகங்களுக்கு வெளியே வளர்க்கப்பட்டது. சாகா இதை எதிர்த்தார். ஆய்வு பல்கலைக்கழகத்தில் நடைபெற வேண்டும். மாணவனைப் பயிற்றாமல் நிலையங்களை மட்டும் கட்டுவது வேரின்றி மரம் வைப்பதாகும் என்பது அவர் நிலை. இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார். 1952இல் கல்கத்தாவிலிருந்து மக்களவைக்குத் தேர்வாகி, அங்கும் இக்கேள்வியை எழுப்பினார். பணம் ஒரு பக்கம் குவிந்தது. பல்கலைக்கழகங்கள் மறுபக்கம் மெலிந்தன. இது இரு அறிஞர்களின் தன்முனைப்பு மோதல் என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. நாம் அதை வேறாகப் பார்க்கிறோம். சிற்றூர்ச் சிறுவன் ஒருவன் 4 ரூபாய் உதவித்தொகையில் ஏறிவரக்கூடிய படி, பல்கலைக்கழகம் ஒன்றே. உயராய்வை அங்கிருந்து பெயர்த்துச் சிலருக்கான கோட்டையாக்கினால், அப்படியே இல்லாமற்போகும். அப்படியில் ஏறி வந்தவருக்கு அது தெரிந்திருந்தது.

அவருடைய பார்வையின் எல்லையையும் நாம் சொல்லியாக வேண்டும். பெருந்தொழிலும் அறிவியலும் வளர்ந்தால் பழைய சமூகக் கட்டு தளரும் என்று அவர் நம்பினார். சாதியை நேருக்கு நேர் நின்று ஒழிக்கும் இயக்கம் எதையும் அவர் கட்டவில்லை. அணையும் மின்சாரமும் ஆய்வுக்கூடமும் தாமாகச் சாதியைக் கரைக்கமாட்டா என்பதை அம்பேத்கர் உணர்ந்திருந்தார். அதனால்தான் சட்டத்திலும் பிரதிநிதித்துவத்திலும் உரிமையை எழுதி வைத்தார்.

சாகா மறைந்து அறுபது ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரி 17 அன்று, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவை இழந்தோம். அவருடைய உதவித்தொகை பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. அவரும் நான்கு தோழர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தனர். அறிவியலையும் விண்மீன்களையும் நேசித்து, அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர் அவர். நிறுத்தப்பட்ட உதவித்தொகை, அடைக்கப்பட்ட விடுதி, விண்மீன்கள்: சாகாவின் இளமையைப் படித்தவர்களுக்கு இவை மூன்றும் புதியவை அல்ல. ஒருவர் தப்பிப் பிழைத்து வானத்தை அளந்தார். மற்றவருக்கு அந்த வாய்ப்பு தரப்படவில்லை. தப்பியவரின் திறமையை மட்டும் புகழ்ந்து, தப்ப முடியாமற்போனவர்களின் கணக்கை மறைப்பதே நம் கல்விக்கூடங்களின் வழக்கம்.

எனவே சாகாவை நினைவுகூர்வது என்பது அவர் படத்துக்கு மாலையிடுவதன்று. உதவித்தொகை தவறாது மாதந்தோறும் மாணவர் கையில் சேர்கிறதா, விடுதியின் பந்தியில் எல்லோரும் ஒருசேர அமர்கிறார்களா, ஆய்வு வழிகாட்டிகளின் நியமனத்தில் ஒதுக்கீட்டு இடங்கள் நிரப்பப்படுகின்றனவா என்று ஒவ்வோர் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்திடமும் கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. அணு எந்த வெப்பநிலையில் பிரியும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். மனிதரைப் பிரித்து வைக்கும் பந்தி எப்போது ஒழியும் என்பது நாம் போட்டு முடிக்க வேண்டிய கணக்கு.